கறுப்பு வெள்ளையில் வானமும் புல்லும்: வாசகர் கேள்விகள்

நிலக்காட்சிப் படத்தை கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடுகிறது. கான்ட்ராஸ்ட்டை ஏற்றியும் பயனில்லை. என்ன செய்வது?

செம்மண் பாதையும் அதன் ஓரத்துப் புல்லும் கண்ணுக்கு எதிரெதிர் நிறங்கள். ஆனால் வெளிச்சத்தின் அளவில் பல சமயம் இரண்டும் ஒன்றுதான். நிறத்தை எடுத்ததும் ஒட்டிக்கொள்கின்றன. கான்ட்ராஸ்ட் இரண்டையும் சேர்த்தே நகர்த்தும், பிரிக்காது. அதனால் முதலில் எடிட்டிங் மென்பொருளில் ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் நிற ஸ்லைடர்களுக்குப் போங்கள். சிவப்பையும் ஆரஞ்சையும் கொஞ்சம் இறக்கி, மஞ்சளை ஏற்றுங்கள். பாதை இருண்டு புல் வெளுக்கும்.

ஏன் பச்சை இல்லை? புல்லிலும் இலையிலும் நாம் பச்சை என்று பார்ப்பதில் மஞ்சள்தான் நிறைய. பச்சை ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் மரம் அசையவில்லை என்றால், பக்கத்திலிருக்கும் மஞ்சளைத் தொட்டுப் பாருங்கள். கான்ட்ராஸ்ட் எல்லாம் அப்புறம்.

வானம் கருமையாக வேண்டுமென்று நீலத்தை அடிவரை இறக்கினேன். வானமெங்கும் புள்ளிகள், மலை விளிம்பில் வெள்ளைக் கோடு.

அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1927-இல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியிலுள்ள ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டரோடு எடுத்தார். வானம் போதிய அளவு இருளாது என்று தோன்றவே, அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டி மறுபடி எடுத்தார். வானம் ஏறக்குறைய கறுப்பானது. அவர் ஒளியை லென்ஸிலேயே தடுத்தார். நாம் எடுத்து முடித்த படத்தின் நீலத்தை இழுக்கிறோம், அதிலுள்ள நாய்ஸும் (நீங்கள் பார்த்த புள்ளிகள்) சேர்ந்து வருகிறது. கேமரா சுருக்கித் தரும் ஜேபெக் ஃபைலில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், சென்சார் பதிவை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா ஃபைலில் 16,384. எனவே ராவில் எடுங்கள். நீலத்தைப் பாதி தூரம்கூட இறக்க வேண்டாம். மீதி இருட்டை கிரேடியன்ட் மாஸ்க்கில் (மாற்றத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகும் கருவி) மேலிருந்து இறக்குங்கள். மலை விளிம்பை 100% பெரிதாக்கிப் பார்த்த பிறகே சேமியுங்கள்.

தூரத்து மலைகள் மங்கலாகவே வருகின்றனவே?

அந்த மூட்டம் பெரும்பாலும் நீலம். நீலத்தை இறக்கினால் மலை தெளியும். ஆனால் அடுக்கடுக்கான மலைத்தொடர் என்றால் நான் நீலத்தை ஏற்றவே செய்வேன். ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட வெளுத்துப் போகும்போதுதான் படத்தில் தூரம் தெரிகிறது.

கேமராவிலேயே மோனோகுரோமில் வைத்து எடுக்கலாமா?

ராவோடு சேர்த்து என்றால் தாராளமாக. திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், ஃபைலில் நிறம் அப்படியே இருக்கும். ஜேபெக் மட்டும் என்றால் வேண்டாம்; நிறம் போய்விட்டால் மேலே சொன்ன எதையும் செய்ய முடியாது.