ஃபோட்டோ மாதிரி இருந்தால் ஓவியம் இல்லையா?

கேள்வி: கனடா ஓவியர் ராபர்ட் பேட்மன் வரைந்த விலங்குப் படங்களைப் பார்த்தேன். ரோமம் ரோமமாக வரைந்திருக்கிறார். கேமரா ஒரு நொடியில் செய்கிற வேலையைத் தூரிகையால் எதற்குச் செய்ய வேண்டும்? இதைக் கலை என்று எப்படிச் சொல்வது? (வாசகர், திருச்சி)

பதில்: ரோமத்தோடு நின்றுவிட்டீர்கள். வேறு எதுவும் வராததால் பேட்மன் தத்ரூபத்துக்கு வரவில்லை. 1930இல் டொரன்டோவில் பிறந்த அவர், இம்ப்ரஷனிசம், க்யூபிசம், அரூபம் என்று உள்ளதை உள்ளபடி காட்டாத பாணிகளை எல்லாம் வரைந்து பார்த்தவர். 1957இல் நண்பர் ஒருவருடன் லேண்ட் ரோவரில் ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா என்று கிளம்பி, வழியில் கண்ட காட்சிகளை அந்த வண்டியின் பக்கங்களிலேயே வரைந்தார். அப்புறம் பள்ளியில் ஓவியமும் புவியியலும் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், 1960களின் தொடக்கத்தில், அமெரிக்க யதார்த்த ஓவியர் ஆண்ட்ரூ வைத்தின் கண்காட்சியைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் யதார்த்த ஓவியத்துக்குத் திரும்பினார். அரூபத்தில் பழகிய கண் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. எதை எங்கே வைப்பது, எவ்வளவு இடத்தைச் சும்மா விடுவது என்பதில் அது தெரியும்.

அவருடைய புள்ளி ஆந்தைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா வைத்திருப்பவர் என்ன செய்வார்? ஆந்தையின் முகத்துக்கு ஜூம் செய்வார். பேட்மன் பெருமரத்துக் கிளைகளையும் அவற்றில் அடர்ந்து தொங்கும் பாசியையும் படம் முழுக்க வரைந்து, ஆந்தையைச் சிறியதாக உட்காரவைக்கிறார். வடமேற்கு அமெரிக்காவில் அந்த ஆந்தை பெரிதும் வெட்டப்படாத பழங்காட்டை நம்பியே வாழ்வது. காட்டை வெட்டினால் ஆந்தையும் போய்விடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஏறக்குறைய போயே விட்டது. பறவையை விடப் பாசிக்கு அதிக இடம் கொடுத்தது இதனால்தான்.

இன்னொன்று, 1989இல் வரைந்த கார்மானா படம். அதே மாநிலத்து வான்கூவர் தீவின் மேற்குப் பகுதியில், டிடிடாட் பழங்குடியினரின் நிலத்தில் உள்ள பள்ளத்தாக்கு அது. அங்குள்ள சிட்கா ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களில் ஒன்று 95 மீட்டருக்கும் உயரம். மர நிறுவனம் வெட்ட வந்தபோது ஓவியர்கள் பலர் அந்தக் காட்டுக்கே போய் வரைந்தார்கள். பேட்மனும் அவர்களில் ஒருவர். நிற்கிற காட்டையும் மொட்டையடிக்கப்பட்ட நிலத்தையும் அவர் ஒரே படத்தில் சேர்த்து வைத்தார். இது நன்றாக இருந்தது, இப்படி ஆகிவிட்டது என்று இரண்டு படமாகக் காட்டினால், இது வேறு இடம் என்று யாராவது சொல்லித் தப்பித்துவிடலாம். ஒரே சட்டத்துக்குள் வைத்தால் அது முடியாது. அங்கே அந்தத் தத்ரூபம் அவசியம். அடிமரத்தின் வெட்டுவாய் நிஜம்போல இல்லையென்றால் அந்தப் படம் வெறும் சோகமாகிவிடும்.

1990இல் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி பூங்காவானது. ஓவியத்தால் மட்டும் அது நடந்தது என்று சொல்ல மாட்டேன். காட்டுக்குள் நடைபாதை போட்டு ஊராரை அழைத்துப் போனவர்களின் உழைப்பு அதில் பெரிது. ஆனால் அங்கே போக முடியாதவர்களுக்குக் காட்டைக் கொண்டுபோனவை ஓவியங்கள்தான்.

பேட்மன் மேல் நியாயமான குறையும் உண்டு. ஒரே படத்தை ஆயிரக்கணக்கில் அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு விற்றார்கள். வெறும் அச்சுப் பிரதியை அசல் கலைப்பொருள் போலப் பேசவைத்தார்கள். அதைக் கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.