35 மாடு, 200 ஏக்கர், கருகிய புல்: நிவாரணம் எவ்வளவு வரும்?

கேள்வி: டெக்ஸாஸில் சான் அன்டோனியோவுக்குத் தெற்கே 200 ஏக்கரில் 35 மாடும் 20 ஆடும் வளர்க்கிறேன். 80 ஏக்கர் சொந்தம், மீதி வாய்ப்பேச்சுக் குத்தகை. மழையில்லாமல் புல் தரையோடு கருகிவிட்டது. உலர்புல் உருளை வாங்கியே சேமிப்பு கரைகிறது. அரசுப் பணம் வரும் என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். எவ்வளவு வரும்? அதை நம்பிக் கடன் வாங்கலாமா, 15 மாட்டை விற்றுவிடலாமா?

பதில்: பணம் வர வாய்ப்பு உண்டு. ஆனால் நீங்கள் போட்டு வைத்திருக்கும் கணக்கு வேறு, அவர்கள் போடும் கணக்கு வேறு.

அவர் சொல்வது எல்எஃப்பி, அதாவது வறட்சியில் மேய்ச்சல் இழந்த கால்நடைக்காரருக்கான நிவாரணத் திட்டம். உங்கள் கவுண்டியில் (மாவட்டம் போன்றது) உள்ள அமெரிக்க வேளாண் துறையின் பண்ணைச் சேவை அலுவலகத்தில் (எஃப்எஸ்ஏ) விண்ணப்பிக்க வேண்டும். புல் வாங்கிய பில்லுக்குப் பணம் தரும் திட்டமில்லை இது. மேய்ச்சல் போனதற்கு ஈடு. வியாழக்கிழமைதோறும் வரும் வறட்சி வரைபடத்தில் உங்கள் கவுண்டிக்கு என்ன நிறம் என்பதுதான் பேச்சு. மேய்ச்சல் பருவத்தில் கவுண்டியின் ஒரு மூலை டி3 என்ற தீவிர வறட்சிச் சிவப்பைத் தொட்டாலே 3 மாதப் பணம். அது 4 வாரம் நீடித்தாலோ அதைவிட மோசமான டி4 வந்துவிட்டாலோ 4 மாதம். டி4 நிலையே 4 வாரம் இருந்தால் 5 மாதம்.

மாதப் பணம் என்பது தீவனச் செலவில் 60 சதவீதம். எத்தனை மாட்டுக்கு என்பதில்தான் சிக்கல். உங்களிடம் உள்ள கால்நடை எவ்வளவு, உங்கள் நிலம் எத்தனையைத் தாங்கும் என்று இரண்டையும் பார்த்து, எது குறைவோ அதைத்தான் எடுப்பார்கள். நாலு ஆடு ஒரு மாட்டுக்குச் சமம் என்றால் உங்களுடையது மொத்தம் 40 மாட்டுக் கணக்கு. ஒரு மாட்டுக்கு 20 ஏக்கர் என்று கவுண்டி வைத்திருந்தால், 200 ஏக்கர் 10 மாட்டைத்தான் தாங்கும். ஒரு மாட்டுக்குத் தீவனச் செலவு மாதம் 80 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: மாதம் 480 டாலர், 3 மாதத்துக்கு 1,440. இதை நம்பியா கடன் வாங்குவீர்கள்? வேண்டாம்.

அந்தப் பத்தும் நிச்சயமில்லை. 120 ஏக்கர் குத்தகைக்குத் தாள் காட்ட முடியாவிட்டால் 80 ஏக்கருக்கு நாலு மாடுதான் தேறும். நிலக்காரரிடம் இந்த வாரமே எழுதி வாங்குங்கள். அதுவும் பணக் குத்தகையாக இருக்கட்டும். மாடு ஏறும் எடைக்கு வாடகை என்ற ஏற்பாடு செல்லாது. மேய்ச்சல் நிலம் எத்தனை ஏக்கர் என்று காட்டும் ஏக்கர் அறிக்கையையும் எஃப்எஸ்ஏவிடம் கொடுத்திருக்க வேண்டும். விண்ணப்பக் கெடு அடுத்த ஆண்டு மார்ச் 1.

சரி, மாடு விற்பது? விற்றுவிடுங்கள். உங்கள் பணத்துக்கு உச்சவரம்பு நிலத்தின் தாங்குதிறன்தான், மாட்டு எண்ணிக்கை இல்லை. 15 போனாலும் காசோலை குறையாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நல்ல மழை ஆண்டிலும் அந்த நிலத்துக்கு 35 அதிகம். முதலில் வயதானதையும் சினைப்பிடிக்காததையும் கழியுங்கள். ஆனால் லாரி வருவதற்கு முன் வரிக் கணக்கரிடம் பேசிவிடுங்கள்: வறட்சியால் வழக்கத்தைவிட அதிகமாக விற்ற இனப்பெருக்க மாடுகளுக்குப் பதிலாக, பொதுவாக 2 ஆண்டுக்குள் அதே வகை மாடு வாங்கினால், அந்த லாபத்துக்கான வரியைத் தள்ளிப்போடலாம். எல்எஃப்பி பணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அது பண்ணை வருமானம், வரி உண்டு.

அப்புறம், மேய்ச்சல், தீவனப் புல் நிலத்துக்கு பிஆர்எஃப் என்றொரு மழைக் குறியீட்டுக் காப்பீடு இருக்கிறது; உங்கள் பகுதியில் மழை வழக்கத்தைவிடக் குறைந்தால் பணம் தருவது. பிரீமியத்தில் பாதிக்கு மேல் அரசு கட்டும். அடுத்த ஆண்டுக்கு வேண்டுமென்றால் டிசம்பர் 1க்குள் முகவரிடம் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.