பழைய போர்ஷே 944 கார் வாங்கியதும் டைமிங் பெல்ட்டை முதலில் மாற்றச் சொல்வது ஏன்?

எஞ்சினின் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டையும், கீழே பிஸ்டன்களோடு இணைந்த தண்டையும் ஒரே தாளத்தில் சுற்ற வைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டைதான் டைமிங் பெல்ட்.

1982 முதல் 1991 வரை வந்த 944-இன் எஞ்சினில், வால்வு இறங்கும் இடத்துக்கே பிஸ்டனும் ஏறி வரும். குறுகலான வாசலில் இருவர் முறை வைத்துப் போய்வருவது போல. பெல்ட் அறுந்தால் முறை தப்பிவிடும். பிஸ்டன் மோதி வால்வு வளைந்துவிடும். அப்புறம் வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான்.

பக்கத்திலேயே அதிர்வைக் குறைக்கும் தண்டுகளுக்கு இன்னொரு பெல்ட் ஓடுகிறது. அது அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினாலும் இதே கதிதான், அதனால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தண்ணீர் பம்ப்பும் டைமிங் பெல்ட்டில்தான் சுற்றுகிறது. கையோடு அதையும் பார்த்துவிடலாம்.

எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சரிபாதி என்பதால் வளைவுகளில் அருமையாகத் திரும்பும் கார் இது. புது சஸ்பென்ஷன், டர்போ ஆசையெல்லாம் நியாயம்தான். ஆனால் பெல்ட் முதலில்.

"வண்டி அதிகம் ஓடவில்லை, பெல்ட் நன்றாகத்தான் இருக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். டிராயரில் சும்மா கிடந்த ரப்பர் பேண்ட் இழுத்ததும் பட்டென்று அறுவது போல, நின்ற வண்டியிலும் பெல்ட் காய்ந்து வெடித்துப்போகும்.