486 மதர்போர்டில் (1990களின் பழைய கணினி ஒன்றின் முதன்மைப் பலகையில்) பேட்டரி கசிந்துவிட்டது, உதிரிப் பாகங்கள் எங்கே கிடைக்கும்?

கடைக்குப் போகும் முன் அந்த 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரியை இன்றே கழற்றிவிடுங்கள். அதிலிருந்து கசிவது காரம். செம்புத் தடங்களை அது தொடர்ந்து அரிக்கும். வெள்ளை வினிகரால் துடைத்து, நீரால் கழுவி, நன்றாக உலர்த்துங்கள்.

பெரும்பாலும் முதலில் அடிபடுவது பேட்டரிக்கு அருகிலிருக்கும் விசைப்பலகைக் கட்டுப்பாட்டுச் சிப், 8042 வகை. பல போர்டுகளில் 40 கால்களுடன் சாக்கெட்டில்தான் இருக்கும். புதிதாகத் தேடி அலைய வேண்டாம். செத்துப்போன வேறொரு 386 அல்லது 486 போர்டிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். அதனால்தான் பழுதான போர்டுகளைத் தூக்கி எறியாதீர்கள் என்று மன்றாடுகிறேன். பழைய இரும்புக் கடைகளிலும் சென்னை ரிச்சி தெருவிலும் விசாரித்துப் பாருங்கள்.

போர்டிலுள்ள சிறிய 74 வரிசை லாஜிக் சிப்கள் (எளிய தர்க்கச் செயல்களைச் செய்பவை) பல இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல் இருக்கும் பயாஸ் சிப் 27சி512 வகை என்றால், மின்சாரத்தாலேயே அழித்து எழுதக்கூடிய டபிள்யூ27சி512 அதே இடத்தில் பொருந்தும்.

புதிய பேட்டரியாக சிஆர்2032 என்ற லித்தியம் காசு பேட்டரியைப் போடுவதானால் தொடரில் ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) கட்டாயம். ஏனெனில் போர்டு, பழைய பேட்டரிக்காக, சார்ஜ் செய்யும் வகை. லித்தியம் காசு பேட்டரி அதைத் தாங்காது. வெளிப் பேட்டரிக்கென 4 பின் இணைப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.