மைத்துனருக்காக மூன்றாம் முறை வீட்டுக் கடனை ஏற்றலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன், வயது 43. இந்த ஊரில் தயாரான நோபிள் எம்600 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று 1,80,000 பவுண்டுக்கு வருகிறது, பாதிப் பாதி போட்டு வாங்கலாம் என்கிறார் என் மனைவியின் அண்ணன். கையால் செய்த அபூர்வக் கார் என்பதால் விலை ஏறும், விற்றால் வரி கிடையாது என்பது அவர் வாதம். என் பங்கான 90,000 பவுண்டுக்கு வீட்டுக் கடனை உயர்த்த வேண்டும். கார் அவர் பெயரில், அவர் கராஜில் இருக்கும். காப்பீடு, பராமரிப்பு எல்லாம் ஆண்டுக்கு 6,000 ஆகுமாம். முன்பு அவருடைய உணவகத்துக்கு 25,000, மகள் படிப்புக்கு 15,000 இதே வழியில் கொடுத்தேன், திரும்பவில்லை. மறுத்தால் மனைவி வருந்துவார். என்ன செய்ய?

பதில்: நீங்கள் இணைத்திருந்த வீட்டுக் கடன் கணக்கை இரண்டு முறை படித்தேன். 7 ஆண்டுகளுக்கு முன் 2,10,000 பவுண்டாகத் தொடங்கிய கடன் இன்று 2,17,000 ஆக நிற்கிறது. ஒரு தவணைகூடத் தவறாத ஒருவருடைய கடன் கூடியிருப்பதற்கு வட்டி விகிதம் காரணமல்ல. மைத்துனர் கேட்கும்போதெல்லாம் வீட்டை வைத்துப் பணம் எடுக்கும் பழக்கமே காரணம்.

கார் அருமையானது என்பதில் எனக்கும் ஐயமில்லை. யமஹா தயாரித்த 4.4 லிட்டர் வால்வோ வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினுக்கு இரண்டு டர்போ பூட்டி 650 குதிரைத்திறன் எடுத்திருக்கிறார்கள். ஒரு திருகியைத் திருப்பினால் 450, 550, 650 என்று வேண்டிய அளவை வைத்துக்கொள்ளலாம். திடீரென பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கூடக் கிடையாது. ஆனால் இத்தகைய காரை வாங்கவும் பழுது பார்க்கவும் தெரிந்தவர்கள் மிகச் சிலரே என்பதால், அவசரத்துக்கு விற்க நேர்ந்தால் கேட்ட விலை கிடைக்காது.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். 90,000 பவுண்டை 5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 594 பவுண்டு. 8 ஆண்டு வைத்திருந்து விற்பதாகக் கொண்டால், அதுவரை கட்டும் வட்டி மட்டும் சுமார் 31,000; செலவில் உங்கள் பாதி 24,000. ஆக, நட்டமில்லாமல் வெளியே வரவே உங்கள் 90,000 என்பது 1,45,000 ஆக வேண்டும், அதாவது கார் 2,90,000-க்கு விற்க வேண்டும். ஏலக் கமிஷனை நான் இன்னும் சேர்க்கவில்லை.

அபூர்வம் என்றாலே விலை ஏறும் என்பவர்களுக்கு ஜாகுவார் எக்ஸ்ஜே220-ஐ நினைவூட்டுவேன். 1988-இல் வி12 எஞ்சினோடு காட்டப்பட்ட அந்தக் காருக்கு 50,000 பவுண்டு முன்பணம் கட்ட ஆட்கள் முண்டியடித்தார்கள். 1992-இல் அது வி6 எஞ்சினோடு, நான்கு லட்சத்தைத் தாண்டிய விலையில் வந்து சேர்ந்தபோது பொருளாதாரம் சரிந்திருந்தது. பலர் ஒப்பந்தத்திலிருந்து விலக முயன்று நீதிமன்றம் வரை சென்றனர். 300 கார்கள்கூடத் தயாராகவில்லை. ஆனாலும் அந்த அபூர்வம் அவர்களைக் காப்பாற்றவில்லை. மெக்லாரன் எஃப்1 என்ற காரின் விலை ஏறியதை மட்டும் எடுத்துச் சொல்பவர்கள் இந்தக் கதையைச் சொல்வதில்லை. இப்போது செயலிகளில் இத்தகைய கார்களின் உரிமையைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து விற்பதையும் இதே காரணத்தால் தவிர்க்கச் சொல்கிறேன்.

பிரிட்டனில் கார் விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்பது உண்மைதான். நட்டம் வந்தால் அதை வேறு லாபத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது என்பதை மைத்துனர் சொல்லியிருக்க மாட்டார். பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பதே உரிமைக்கு ஆதாரமாகாத நாட்டில், அந்தப் பெயர்கூட உங்களுடையதாக இல்லாமல், எழுத்து ஒப்பந்தமும் இன்றி 90,000 பவுண்டு போடுவதை நான் எவ்விதத்திலும் ஏற்க மாட்டேன்.

வங்கியில் கடனை உயர்த்த விண்ணப்பித்திருந்தால் அதை இன்றே திரும்பப் பெறுங்கள். கட்டத் துணிந்திருந்த அந்த 594 பவுண்டில் 400-ஐ, அபராதமின்றி அனுமதிக்கப்படும் வரம்பைப் பார்த்துக்கொண்டு, கூடுதல் தவணையாகச் செலுத்தத் தொடங்குங்கள்.

மனைவியிடம் காரைப் பற்றிப் பேச வேண்டாம்; 2,10,000, 2,17,000 என்ற அந்த இரண்டு எண்களைக் காட்டிப் பேசுங்கள். பிறகு இருவரும் நேரில் போய், “வீட்டின் மேல் இனிக் கடன் எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம், அண்ணா” என்று மனைவியையே சொல்லச் சொல்லுங்கள். காரின் நிறைகுறைகளைப் பேசப் புகுந்தால், மைத்துனர் அடுத்த மாதம் வேறொரு காரோடு வருவார்.