ஜிகினா சிம்மாசனம் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

பையன் வீட்டுக்குப் போயிருந்தப்ப வாஷிங்டன் ஸ்மித்சோனியன்ல ஜேம்ஸ் ஹாம்ப்டன்ங்கிறவரு ஜிகினாத் தாள் ஒட்டி செஞ்ச சிம்மாசனத்தப் பாத்தேன். போன மாசம் நீங்க அமெரிக்கக் கலைஞர் ஃப்ரெட் வில்சன் பத்தி எழுதினது புரிஞ்சுது, அது சமூக விமர்சனம். இது ஏதோ ஒரு கிறுக்கு மனுஷன் ஒட்டி வச்ச ஜிகினா. இதெல்லாம் ம்யூசியத்துல வைக்கணுமா?

– ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

கிறுக்குன்னே வச்சுக்குவோம், அதுக்கு நான் சண்டைக்கு வரல. ஆனா ஜிகினாவுக்கு அடியில என்ன இருக்குன்னு பாத்தீங்களா? பழைய நாற்காலி, மேஜை, அட்டை, ஜாம் பாட்டில், ஃப்யூஸ் போன பல்பு. ஹாம்ப்டன் அரசாங்க ஆபீசுங்கள ராத்திரி கூட்டிப் பெருக்குற கறுப்பர். 1950ல ஒரு கராஜ வாடகைக்கு எடுத்து, வேலை முடிஞ்சு நடுராத்திரிக்கு மேல அங்க போயி, 1964ல சாகுற வரைக்கும் ஒட்டிக்கிட்டே இருந்தாரு, மொத்தம் 180 உருப்படி, கராஜ் ஓனர் கதவத் தொறந்தப்பதான் வெளிய தெரிஞ்சுது.

அவரு தனக்கு வச்சுக்கிட்ட பதவிதான் எனக்கு முக்கியம். 'டைரக்டர், ஸ்பெஷல் ப்ராஜெக்ட்ஸ், ஸ்டேட் ஆஃப் எடர்னிட்டி'. தினமும் எந்த டைரக்டரோட குப்பைக்கூடையக் கொட்டுனாரோ, அந்த டைரக்டரோட கதவு போர்டுல இருக்குற பாஷையிலயே நித்தியத்துக்கு ஒரு சர்க்கார் நடத்துறாரு மனுஷன்! அவரு மனசுல விமர்சனம்னு ஒண்ணும் இல்ல, இயேசு திரும்பி வருவாருன்னு நிஜமாவே நம்பித்தான் செஞ்சாரு, அத நாம திரிக்கக் கூடாது. ஆனா 1953 வரைக்கும் கறுப்பருக்குப் பல ஹோட்டல்ல சாப்பாடு கிடைக்காத ஊருல உக்காந்து செஞ்சது சார் இது.

வில்சன் விஷயம் வேற, அவரு விவரமான ஆளு. 1992ல பால்டிமோர்ல ஒரு ம்யூசியத்துல கண்காட்சி வச்சப்ப புதுசா ஒண்ணுமே செய்யல, அந்த ம்யூசியத்தோட சொந்த ஸ்டோர் ரூம்ல கிடந்த அடிமை விலங்க எடுத்து வெள்ளிக் கூஜா பக்கத்துல வச்சு 'உலோக வேலைப்பாடு 1793–1880'ன்னு லேபிள் ஒட்டுனாரு, அவ்வளவுதான். அங்க நம்மளுக்கு லேபிள் சொல்லிக் குடுத்துடுது. ஹாம்ப்டன்கிட்ட நாமளே குனிஞ்சு பாக்கணும்.

குனியறதுன்னதும் சண்டிகர் ராக் கார்டன் ஞாபகம் வருது (அங்க வாசல் எல்லாம் அவ்வளவு தாழ்வு, எனக்கு மண்டையில இடிச்சுது). உடஞ்ச வளையலையே பொடவையாக் கட்டிக்கிட்டு வரிசையா நிக்கும் பொம்மைங்க. அத உண்டாக்குன நேக் சந்த் பொதுப்பணித் துறையில ரோடு இன்ஸ்பெக்டர், புது நகரம் கட்டுறதுக்காக இடிச்ச கிராமங்களோட இடிபாட்டத்தான் சைக்கிள்ல அள்ளிட்டுப் போயி காட்டுக்குள்ள திருட்டுத்தனமா சேத்தாரு. 1975ல மாட்டிக்கிட்டாரு. இடிக்கணும்னு பேச்சு வந்துச்சு, கடைசியில 1976ல சர்க்காரே தொறந்து வச்சு, சம்பளம், 50 ஆளு, 'சப் டிவிஷனல் இன்ஜினியர், ராக் கார்டன்'னு பதவியும் குடுத்துச்சு.

ஹாம்ப்டனுக்கு அப்படி யாரும் குடுக்கல, அவரே எழுதிக்கிட்டாரு. மறுபடி போனீங்கன்னா சிம்மாசனத்து உச்சியில 'பயப்படாதே'ன்னு எழுதியிருக்கும், பாருங்க. டிக்கெட்டும் கிடையாது.