வாசகர் கேள்விகள்: பிள்ளைகளோடு பீக் டிஸ்ட்ரிக்டில் நடக்க

கேள்வி: எங்களுக்கு ஏழு வயதில் ஒரு மகனும் மூன்று வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். ஆகஸ்டில் மதுரையிலிருந்து என் அம்மா வருகிறார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் நடந்து வர இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் எந்த இடம் ஏற்றது? கேட்டவர்களெல்லாம் கிண்டர் ஸ்கவுட்டைத்தான் சொல்கிறார்கள். (வாசகி, லெஸ்டர்)

பதில்: கிண்டர் ஸ்கவுட்டைச் சொல்கிறவர்கள் தங்கள் கால்களை நினைத்துச் சொல்கிறார்கள். 636 மீட்டர் உயரமுள்ள அந்த மேட்டில் பாதை கரடுமுரடானது. மூடுபனி இறங்கிவிட்டால் அனுபவசாலிகளுக்கே திசை தப்பும். மூன்று வயதுக் குழந்தையையும் முழங்கால் வலியுள்ள தாயாரையும் அழைத்துக்கொண்டு போக வேண்டிய இடம் அதுவல்ல. டெர்பிஷயரின் வடக்கிலுள்ள மேல் டெர்வென்ட் பள்ளத்தாக்குக்குச் செல்லுங்கள். ஹவுடன், டெர்வென்ட், லேடிபவர் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று நீர்த்தேக்கங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றின் கரைகளில் ஊசியிலைக் காடும், அதற்கு மேலே மூர் எனப்படும் மரமற்ற திறந்த மேடும் உள்ளன. டெர்பி, நாட்டிங்காம், ஷெஃபீல்டு, லெஸ்டர் ஆகிய நகரங்களின் குடிநீர்த் தேவைக்காகத்தான் இந்தப் பள்ளத்தாக்கில் அணை கட்டத் தொடங்கினார்கள் என்பதால், உங்கள் ஊருக்கும் இதற்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட உறவு உண்டு.

ஃபேர்ஹோம்ஸ் என்ற இடத்தில் கட்டண வாகன நிறுத்தம், கழிப்பறை, சிற்றுண்டிக் கடை, மிதிவண்டி வாடகை நிலையம் எல்லாம் இருக்கின்றன. அங்கிருந்து டெர்வென்ட் அணையின் அடிவாரம் சில நிமிட நடைதான். உங்கள் தாயார் அந்தப் புல்வெளி வரை நடந்து, விருப்பம்போல் அமர்ந்திருக்கலாம். நீர்த்தேக்கம் நிரம்பி வழியும் காலத்தில் கற்சுவரின் முகம் முழுவதும் வெள்ளருவியாக இருக்கும். ஆகஸ்டில் அந்தக் காட்சியைப் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது என்பதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். ஆயினும் கோட்டையைப் போல இரு கோபுரங்களுடன் நிற்கும் அந்தச் சுவரே அவர்களுக்குப் போதும். 1943ஆம் ஆண்டு ஜெர்மானிய அணைகளைக் குண்டு வீசித் தகர்க்கப் புறப்படுவதற்கு முன், பிரிட்டிஷ் விமானப்படையின் 617ஆம் அணியினர் இந்த நீர்ப்பரப்பின்மேல்தான் தாழப் பறந்து பயிற்சி எடுத்தார்கள் என்று மகனிடம் சொன்னால், திரும்பி வரும்வரை அவன் கேள்விகளுக்குக் குறைவிருக்காது.

நடைக்கு மேற்குக் கரையின் தார்ச்சாலையையே பரிந்துரைக்கிறேன். வார இறுதிகளிலும் வங்கி விடுமுறைகளிலும் ஃபேர்ஹோம்ஸுக்கு அப்பால் அதில் கார்களை விடுவதில்லை. எனவே குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நிம்மதியாக நடக்கலாம். தொடக்கத்தில் சற்று ஏற்றம் இருக்கும், பிறகு கரையை ஒட்டிய சாலை பெரும்பாலும் சமமாகப் போகும். அணையின் மேற்கு முனையருகே டிப் என்ற நாய்க்கு ஒரு நினைவுக்கல் உண்டு. 1953-54 குளிர்காலத்தில் மூர் மேட்டில் இறந்துபோன முதிய ஆட்டிடையரின் உடலருகே பதினைந்து வாரம் காத்திருந்து உயிர் பிழைத்த நாய் அது. இன்னும் சற்றுத் தூரம் போனால், ஹவுடன், டெர்வென்ட் அணைகளைக் கட்டிய தொழிலாளர்களும் அவர்களது குடும்பங்களும் வாழ்ந்த பிர்ச்சின்லீ என்ற தகர ஊர் இருந்த இடம் வரும். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கடைகளும் இருந்த அந்த ஊரில் இப்போது மிஞ்சியிருப்பவை சில அடித்தளங்களே. ஹவுடன் அணைவரை போய், வந்த வழியே திரும்புங்கள். அணையின்மேல் நடந்து மறுகரைக்குப் போக வழியில்லை. சுற்றி வருவதென்றால் வடக்கே ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் கல்பாலம்வரை போக வேண்டும், மொத்தம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் ஆகிவிடும். வரைபடத்தைப் பாராமல் "ஏரியைச் சுற்றி வந்துவிடலாம்" என்று கிளம்புகிற குடும்பங்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கின்றன.

கேள்வி: ஹெதர் என்ற ஊதாப்பூச் செடி பூத்திருக்கும் மூர் மேட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். செங்குத்தாக ஏறாமல் பார்க்க வழி உண்டா? (வாசகர், ஷெஃபீல்டு)

பதில்: உண்டு, அதுவும் உங்கள் ஊருக்கு அருகிலேயே. ஹெதர் ஆகஸ்டில்தான் முழுவதுமாகப் பூக்கும். பர்பேஜ் பள்ளத்தாக்கில் மேல்பாலத்திலிருந்து ஃபாக்ஸ் ஹவுஸ் என்ற விடுதியின் பக்கம் இறங்கும் அகலமான பழைய வண்டிப்பாதை, இருபுறமும் மூர் நிலம் விரிய, மெதுவான சரிவில் செல்கிறது. பறவை வேட்டைக்கென்று ஒரு பிரபுவின் குடும்பம் வைத்திருந்த நிலம் இது. அருகிலுள்ள லாங்ஷா தோட்டத்தை 1927இல் அவர்கள் விற்றார்கள், இன்று நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. லாங்ஷாவுக்குக் கீழே பேட்லி கார்ஜ் என்ற ஓக் காட்டில், பாசி படிந்த பாறைகளுக்கிடையே பர்பேஜ் ஓடை இறங்கி ஓடுகிறது. ஓடையின் மேற்பகுதியில், கணுக்கால் அளவு நீர் ஓடுகிற இடங்களில் பிள்ளைகள் கால் நனைத்து விளையாடுவார்கள். அங்கே ஒரு மணி நேரம் போய்விடும் என்று முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கார் இல்லாதவர்கள் ரயிலில் கிரைண்டில்ஃபோர்டு நிலையத்தில் இறங்கினால் காட்டின் கீழ்முனையிலேயே இருப்பார்கள். ஆனால் அங்கிருந்து மேலே வரும் பாதை வேர்களும் கற்களும் நிறைந்தது, குழந்தை வண்டிக்கு ஆகாது.

ஏறத்தான் வேண்டும் என்று பத்து வயதுப் பிள்ளை அடம்பிடித்தால், லேடிபவர் அணையடியிலிருந்து 462 மீட்டர் உயரமுள்ள வின் ஹில்லுக்குப் போகலாம். ஏறத்தாழ 300 மீட்டர் ஏற்றம், பெரும்பகுதி காட்டுக்குள். காட்டை விட்டு வெளியே வந்ததும் காற்று முகத்தில் அறையும். கீழே தேவையற்றதாகத் தோன்றிய கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் அங்கேதான் வேண்டும். மூர் நிலத்தின் அடியில் இருப்பது பீட் என்ற கரிய சதுப்பு மண். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே வளர்வதால், சில மீட்டர் ஆழமுள்ள படிவம் உருவாகப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. சேற்றுக்குப் பயந்து பாதைக்கு வெளியே சுற்றி நடக்க நடக்க அந்த மண் சிதைந்து பாதை அகலமாகிறது. ஆகவே பூட்ஸ் நனைந்தாலும் நடுவிலேயே நடக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பெரியவர்கள்தான் தயங்குவார்கள், பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம்.

கேள்வி: எட்டு கிலோமீட்டர் நடைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? (வாசகி, மான்செஸ்டர்)

பதில்: மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம் என்று 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த கணக்கு இன்றும் வழக்கில் இருக்கிறது. அது நிற்காமல் நடக்கும் வளர்ந்தவருக்கானது. சிறுபிள்ளைகள் உள்ள குடும்பம் அதை இரட்டிப்பாக்கி, சாப்பாட்டு நேரத்தையும் தனியே சேர்க்க வேண்டும். தூரத்தை இலக்காக வைப்பதைவிடத் திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்வது நல்லது: இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம் என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டால், நடுவழியில் கணவன் மனைவி வாதம் நடக்காது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: கோடையில் நீர்த்தேக்கத்தில் பிள்ளைகள் நீந்தலாமா? நீர் வற்றும்போது மூழ்கிய கிராமம் தெரியுமாமே? (வாசகர், நாட்டிங்காம்)

பதில்: லேடிபவரில் நீந்த அனுமதி இல்லை, அந்தத் தடையில் நியாயமும் இருக்கிறது. வெயில் காயும் நாளிலும் ஆழ்நீர் கடும் குளிராகவே இருக்கும். திடீரென்று குதிப்பவருக்கு மூச்சு திணறித் தன்னையறியாமல் நீரை உள்ளிழுத்துவிடும் அபாயம் உண்டு, அதில் நல்ல நீச்சல்காரர்களும் தப்புவதில்லை.

கிராமம் தெரிவது உண்மைதான். லேடிபவரை நிரப்பியபோது டெர்வென்ட், ஆஷ்அப்டன் என்ற இரு ஊர்கள் மூழ்கின. டெர்வென்ட் தேவாலயத்தின் கோபுரம் மட்டும் நீருக்கு மேலே நின்றது. 1947 டிசம்பரில் அதையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1976, 1995, 2018, 2022 போன்ற வறண்ட ஆண்டுகளில் டெர்வென்ட்டின் இடிபாடுகள் வெளிப்பட்டன. கரையிலிருந்து பாருங்கள், இறங்காதீர்கள். மேலே காய்ந்து கெட்டியாகத் தோன்றும் வண்டல் ஒரு ஆளை ஆழமாக இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: சிறிய அடுப்பு கொண்டுபோய்ச் சமைக்கலாமா? நாயையும் அழைத்துப் போகலாமா? (வாசகி, டெர்பி)

பதில்: அடுப்பு வேண்டாம். பீட் மண்ணில் பற்றும் தீ நிலத்தடியில் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். 2018 ஜூனில் சாடில்வர்த் மூரில் பற்றிய தீயை அணைக்க ராணுவத்தை அழைக்க வேண்டியிருந்தது. புளியோதரையும் ஃபிளாஸ்க்கில் சூடான தேநீரும் போதும். நாயை அழைத்துப் போகலாம், ஆனால் தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காகத் திறந்த மூர் நிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இரண்டு மீட்டருக்கு மிகாத வாரில் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். வீடு திரும்பியதும் நாயின் உடம்பிலும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் ஆகிய இடங்களிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுங்கள். பின்வரும் வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றித் தடிப்பு படர்ந்தால் மருத்துவரிடம் காட்டி, உண்ணி கடித்ததையும் சொல்லுங்கள்.